காலாக வந்த வாகனம் காலனாகிவிடக் கூடாது

எமது நாட்டில் பதிவு செய்யப்பட்டுள்ள வாகனங்களுள் பாதிக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள்களேயாகும். வீதி விபத்துகளினால் வருடந்தோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கும் இந்நாட்டில், அவ்வாறு மடிவோருள் பெருந்தொகையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஒவ்வொரு மரணத்தின் பின்னரும் 'இளைஞர்களின் கண்மூடித்தனமான வேகம்' என்ற ஒரே காரணம் கூறப்பட்டு, விடயம் மறக்கப்பட்டு விடுகின்றது. வேகம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அதுவே முழு உண்மை எனக் கொள்வது எம்மை நாமே ஏமாற்றிக் கொள்வதாகும்.

மோட்டார் சைக்கிள் மீது எமது மக்கள் கொண்டுள்ள பற்றினை வெறும் ஆடம்பர மோகமாகக் கருதிவிட முடியாது. பஸ் வராத ஒழுங்கைக்குள் குடியிருக்கும் ஆசிரியைக்கும், அதிகாலையில் சந்தைக்கு மீன்பெட்டி ஏற்றிச் செல்லும் வியாபாரிக்கும், வயலுக்கும் வீட்டுக்கும் இடையே அலையும் விவசாயிக்கும் அதுவே கால். பொருளாதாரத் தடை நிலவிய 1990 களில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய யாழ்ப்பாணத்தாரின் அனுபவம் மறக்கக்கூடியதன்று. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது, வாரத்துக்கு 4 லீற்றர் என்ற ஆரம்பப் பங்கீட்டைக் கொண்டு பல குடும்பங்கள் தமது அலுவல்களைக் கொண்டு நடத்தியதும் இவ்வாகனத்தினாலேயே. அத்துடன், இளம் வயதினருக்கு அது தரும் சுதந்திர உணர்வும், முகத்தில் மோதும் காற்றின் இன்பமும் உண்மையானவையே. எனவே, 'ஓட்டாதே' என்னும் அறிவுரையினால் பயன் எதுவும் விளையப் போவதில்லை.

எனினும் ஒன்றை நாம் கவனத்திற் கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளை எமக்கு விருப்பத்துக்குரியதாக்கும் அதே இயல்புகள்தான் அதனை ஆபத்தானதாகவும் ஆக்குகின்றன. அது சிறியது, ஆதலால் நெரிசலில் நுழைந்து செல்கின்றது, அதே காரணத்தினால் பிற சாரதிகளின் கண்ணிற் படாமலும் போகின்றது. அது திறந்தது; ஆதலால் காற்று இதமளிக்கின்றது; ஆனால், மோதும் வேளையில் உடலைச் சுற்றித் தகடேதும் இல்லை. அது இலகுவானது, ஆதலால் எரிபொருள் மிச்சமாகின்றது, ஆனால், வீதியோரத்து மணலும் சிறு குழியுமே அதனைச் சரித்துவிடப் போதுமானவை. உலக சுகாதார ஸ்தாபனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 இல் உலகெங்கும் வீதி விபத்துகளில் மாண்ட ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேரில் 21 வீதமானோர் இயந்திரம் பூட்டிய இரு சில்லு, முச்சில்லு வாகனங்களிற் சென்றவர்கள்.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து, 1981 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று இன்றும் எடுத்தாளப்படுகின்றது. வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்குரிய வழியை மறித்துக் குறுக்கிட்டவர் மற்றைய சாரதியே என்று அது கண்டது. மோட்டார் சைக்கிளை அவர்கள் காணத் தவறியிருந்தனர். பகலிலும் முன்விளக்கை எரியவிடுவதன் நோக்கம் இதுவே. இந்தியாவில் 2017 முதல் புதிய மோட்டார் சைக்கிள்களின் முன்விளக்கு தானாகவே எரிய வேண்டும் என விதிக்கப்பட்டதும் இதனாலேயே. பகலில் விளக்கெரிவதைக் கண்டு கைகாட்டி அணைக்கச் சொல்லும் எமது வழக்கத்தை இனியேனும் கைவிட வேண்டும்.

அதே ஆய்வு மற்றொரு குறையையும் எடுத்துக்காட்டியது. ஆபத்து வேளையில் பலர் பின் பிரேக்கை மட்டும் அழுத்திச் சறுக்கினர். முன் பிரேக்கைப் போதியளவு பயன்படுத்தவில்லை. வேகம் குறையும்போது வாகனத்தின் பாரம் முன்னோக்கிச் சரிவதால், நிறுத்தும் வலுவின் பெரும்பங்கு முன் சில்லிலேயே உள்ளது. நேராகச் செல்கையில் இரண்டையும் சேர்த்து, படிப்படியாக இறுக்கிப் பிடிப்பதே முறை. வளைவிலும் மணலிலும் திடீரெனப் பிடித்தல் ஆகாது. வேகத்தின் கணக்கும் எளிதானதே. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு நிற்பதற்கு ஏறத்தாழ 30 மீற்றர் தேவையெனின், 80 கிலோமீற்றரில் அது 60 மீற்றரைத் தாண்டிவிடும்.

அடுத்தது தலைக்கவசம். அதனை அணிவதால் மரண ஆபத்து ஏறத்தாழ 42 வீதத்தாலும், தலைக்காயம் 69 வீதத்தாலும் குறைவதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகின்றது. எமது நாட்டில் ஓட்டுநரும் பின்னால் அமர்ந்திருப்பவரும் அதனை அணிவது சட்டப்படி கட்டாயமாகும். ஆயினும், நாம் அதனைத் தலைக்காக அல்லாமல் பொலிஸாருக்காக அணிகின்றோம். சந்தியிற் பொலிஸார் நிற்பதைக் கண்டதும் கைப்பிடியிற் தொங்கும் கவசம் தலைக்கு ஏறுகின்றது, நாடிப்பட்டி பூட்டப்படுவதேயில்லை. பூட்டப்படாத கவசம் தலைக்கு முன்னரே வீதியில் உருண்டுவிடும். உள்ளேயிருக்கும் ரெஜிபோம் படிவம் நசுங்கியே அடியின் வேகத்தை ஏற்கின்றது. ஆகவே, ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிதல் கூடாது. குற்றவாளிகள் முகம் மறைக்கின்றனர் என்ற காரணத்தைக் காட்டி 2015 இல் முழுமுகக் கவசத்துக்கு விதிக்கப்பட்ட தடை நீதிமன்ற உத்தரவினால் இடைநிறுத்தப்பட்டமை, இவ்விடயத்தில் உயிர்ப்பாதுகாப்பே முதன்மையானது என்பதை எமக்கு நினைவூட்ட வேண்டும்.

எமது சமூகங்களுக்கே உரிய சில வழக்கங்களையும் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். சேலைத் தலைப்பும் அபாயாவின் விளிம்பும் துப்பட்டாவும் பின் சில்லிலும் சங்கிலியிலும் சிக்கி விளையும் விபத்துகள் முற்றாகத் தவிர்க்கக்கூடியவை. புறப்படுமுன் ஆடையைச் சேர்த்தொதுக்கிக் கொள்ளவும், சில்லை மறைக்கும் தகட்டைப் பொருத்தவும் அதிக நேரமோ பணமோ தேவையில்லை. தந்தையின் தலையில் கவசம் இருக்க, முன்னால் நிற்கும் பிள்ளையின் தலை வெறுமையாக இருப்பது எவ்வகை அன்பு? ரமழான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்கு வீடு சேரும் அவசரமும், திருவிழா முடிந்து நள்ளிரவில் தூக்கக் கலக்கத்துடன் திரும்பும் பயணமும் பல வீடுகளில் துயரத்தை விதைத்துள்ளன. ஒரு பேரீச்சம்பழத்துடன் வழியில் நின்று நோன்பைத் திறந்துகொள்வதால் குறையேதுமில்லை.

பரீட்சையிற் சித்தியடைந்த மகனுக்கு அதிவலுக்கொண்ட மோட்டார் சைக்கிளைப் பரிசளிக்கும் பெற்றோர், அதனுடன் பயிற்சியையும் அளிக்கின்றார்களா? மேற்குறித்த ஆய்வில் விபத்துக்குள்ளானோரில் 92 வீதமானோர் தாமாகவோ உறவினர், நண்பர் மூலமாகவோ ஓட்டப் பழகியவர்கள். எமது நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. வெளிநாட்டில் உழைக்கும் தந்தை அனுப்பிய பணத்தில் வாங்கிய வாகனம், சாரதி அனுமதிப்பத்திரம் பெறாத பிள்ளையின் கைக்குச் செல்வது பாசத்தின் அடையாளமாகாது.

பொறுப்பு ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. இரவில் வீதியிற் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளின் உரிமையாளர்கள், வீட்டு வாசலுக்கு வெளியே மணலும் கல்லும் குவிப்போர், மதகுக்கு வெட்டிய குழியை எச்சரிக்கை விளக்கின்றி விட்டுச் செல்லும் ஒப்பந்தகாரர்கள், பின்னால் வருவோரைப் பாராது கதவைத் திறக்கும் கார் சாரதிகள், போட்டியிட்டு ஓடும் பஸ் சாரதிகள் ஆகிய அனைவரும் இதில் பங்காளிகள். பிரதேச சபைகளும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையும் இவற்றைச் சீர்செய்யத் தாமதிக்கலாகாது.

நீண்ட யுத்தத்தில் இளம் உயிர்களைப் பறிகொடுத்த மண் இது. குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பி வளர்ந்த பிள்ளைகளும், அதன் பின் பிறந்தவர்களும் தார்வீதியில் வீழ்ந்து மடிவதை விதியென்று கூறி நாம் ஆறுதல் கொள்ள முடியாது. நாளை காலை வாகனத்தை முடுக்குமுன் நாடிப்பட்டியைப் பூட்டும் அந்தச் சில விநாடிகள், மாலையில் வாசலில் காத்திருப்போருக்கு நாம் செலுத்தும் கடன் என்பதை ஒவ்வொருவரும் உணர வேண்டும்.