அவர்களையும் திரும்ப அழையுங்கள்

சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களின் எச்சரிக்கைப் படத்தோடு, புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் 2018 செப்டம்பரிலிருந்து அச்சாகி வருகிறது. டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016-இல் தொடங்கிய இந்தச் சேவைக்கு, தென்மாநில மொழிகளில் பேசும் மையம் பெங்களூரு நிம்ஹான்ஸில் இருக்கிறது. மனநல மருத்துவத்துக்குப் பேர்போன இடத்தில் அது அமைந்தது பொருத்தம்தான். ஆனால் இந்த உதவி யாருக்கு மிக அவசியமோ, அவர்களிடம் அந்த எண்ணைப் பற்றி நாம் பேசுவதே அபூர்வம். மனச்சிதைவுக்கோ தீராத மனச்சோர்வுக்கோ மருந்து சாப்பிடுகிறவர் பீடி பற்றவைத்தால், "அவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான், அதையும் பிடுங்கணுமா?" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. அன்பில் பிறந்த எண்ணம்தான், ஆனாலும் தவறு.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது இதய நோய், நுரையீரல் நோய் போன்ற உடல் நோய்கள். அவற்றில் புகையிலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறுதல் என்கிறோமே, அதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். உடலில் ஏறிய நிக்கோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய எரிச்சலும் பதற்றமும் தலைதூக்கும். அடுத்த பீடி தணிப்பது, முந்தைய பீடி விட்டுப்போன அந்தத் தவிப்பைத்தான். நோயின் தவிப்பும் இதுவும் ஒன்றுபோலவே இருப்பதால், புகைதான் நோயை அடக்குகிறது என்று நோயாளியும் நம்புகிறார், பார்ப்பவரும் நம்புகிறார். இந்த நம்பிக்கைக்கு நீர் ஊற்றியதில் சிகரெட் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. மனச்சிதைவு உள்ளவர்கள் தமக்குத் தாமே மருந்தாகப் புகைக்கிறார்கள் என்ற கருத்தை ஒட்டிய ஆய்வுகளுக்கு அவை பணம் கொடுத்ததை, அந்நிறுவனங்களின் உள் ஆவணங்களைக் கொண்டே அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

நிறுத்தினால் நோய் முற்றிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. முதல் சில வாரங்கள் கடினம்தான். தூக்கம் கெடும், கோபம் வரும். ஆனால் 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரையின்படி, புகைப்பதைத் தொடர்ந்தவர்களைவிட நிறுத்தியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படியே. நிறுத்தியதுதான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் நாம் அஞ்சியபடி நடக்கவில்லை என்பது தெளிவு. நிறுத்த உதவும் மருந்துகளைப் பற்றிய பயத்துக்கும் பதில் வந்துவிட்டது. 8,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-இல் வெளியான ஈகிள்ஸ் சோதனையில் ஏறத்தாழப் பாதிப் பேர் மனநலப் பாதிப்பு உள்ளவர்கள். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டபோது, வரனிக்ளின் மாத்திரையோ நிக்கோட்டின் பட்டையோ தீவிர மனநல விளைவுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை.

வெறும் போன் பேச்சு என்ன செய்துவிடும் என்றும் கேட்கலாம். உதவி எண்ணைத் தொடர்புகொண்டவர்களை ஆலோசகர்களே பலமுறை திரும்ப அழைத்துப் பேசினால், நிறுத்துபவர்கள் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்தாகக் கூடுகிறார்கள் என்பது காக்ரேன் தொகுப்பாய்வின் கணக்கு. சிறிய எண்தான், ஆனால் பல்லாயிரம் பேரை எட்டக்கூடிய சேவையில் அது சிறிதல்ல. திரும்ப அழைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. சோர்வில் படுத்திருப்பவர் தானாக எண்ணைச் சுழற்றமாட்டார். வெளியே வர அஞ்சுபவருக்குப் பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போவதைவிடப் போனை எடுப்பது எளிது. முன்பின் தெரியாத குரலைச் சந்தேகிப்பவரும் இருப்பார்; அவரிடம் ஒவ்வொரு முறையும் ஒரே ஆலோசகர் பேசவேண்டும். பிரிட்டனில் தீவிர மனநோய் உள்ள 526 பேரிடம் நடந்த ஸ்கிமிட்டார் பிளஸ் சோதனையில் மனநலப் பணியாளர்கள் நேரிலேயே உதவினார்கள். ஆறாம் மாதத்தில் தெளிவாகத் தெரிந்த பலன் ஓராண்டில் சுருங்கிவிட்டது. இவர்களால் நிறுத்த முடியும், ஆனால் துணை நீண்டகாலம் வேண்டும் என்றே இதை நான் வாசிக்கிறேன். மற்றவர்களுக்கு நான்கு அழைப்பு போதுமென்றால் இவர்களுக்கு எட்டாகட்டும்.

ஒரு கவனம் மட்டும் தவறக்கூடாது. புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள், குளோசபின், ஒலான்சபின் ஆகிய மனநோய் மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கின்றன. இது நிக்கோட்டினின் வேலையல்ல. புகைப்பதை நிறுத்தியதும் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். அளவுக்கு மீறிய தூக்கமும் தலைசுற்றலும் வரலாம். குளோசபினில் வலிப்புகூட வரலாம். அதனால், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதல் அழைப்பிலேயே ஆலோசகர் கேட்கவேண்டும். அழைப்பவரின் சம்மதத்தோடு, நிறுத்தப்போகும் தேதியை அவருடைய மனநல மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவித்தால், மருந்தின் அளவை மருத்துவர் அதற்கேற்பக் குறைப்பார்.