குஷாய்குடா சிறுமிக்கு எட்டுமா ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்?

புது தில்லி: ஹைதராபாத் நகரின் வடகிழக்கு விளிம்பில் அமைந்துள்ளது குஷாய்குடா. இந்திய மின்னணுக் கழகம் (இசிஐஎல்), அணு எரிபொருள் வளாகம் ஆகிய மத்திய அரசு நிறுவனங்களையும் சிறு தொழிற்கூடங்களையும் சார்ந்து வளர்ந்த பகுதி இது. இசிஐஎல் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரிப்பதால், தேர்தல் காலங்களில் மட்டும் இப்பகுதி தலைநகரின் நினைவுக்கு வருவதுண்டு.

இங்கு வாழும் நடுத்தரக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்க விரும்பினால் என்ன செய்வது? கேள்வி சிறியதுதான். ஆனால் நாட்டின் விளையாட்டுக் கொள்கையின் நிறைகுறைகள் பலவும் அதன் விடையில் அடங்கியிருக்கின்றன.

வளையம், பந்து, உருளைக்கட்டை போன்ற இரு கிளப்கள், நீண்ட ரிப்பன் ஆகியவற்றை இசைக்கேற்பக் கையாண்டு, 13 மீட்டர் சதுர விரிப்பில் சுமார் ஒன்றரை நிமிடம் நிகழ்த்தப்படும் ஆட்டம் இது. ரிப்பனின் நீளம் 6 மீட்டர். அது தரையில் சிக்கினாலோ, முடிச்சு விழுந்தாலோ மதிப்பெண் குறையும். மகளிர் மட்டுமே பங்கேற்கும் இந்தப் பிரிவு, 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் போட்டியில் சேர்க்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை இந்திய வீராங்கனை எவரும் இப்பிரிவில் ஒலிம்பிக் களம் கண்டதில்லை.

ஹைதராபாதின் பங்கு: ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஹைதராபாத் அந்நியமான ஊரன்று. 2018 பிப்ரவரியில் மெல்போர்னில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியின் வால்ட் பிரிவில் வெண்கலம் வென்ற அருணா ரெட்டி, இந்நகரில் பயின்றவர். அத்தொடரில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. ரிதமிக் பிரிவில் 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் இந்தியா சார்பில் பங்கேற்ற மேக்னா ரெட்டியும் ஹைதராபாதைச் சேர்ந்தவர். திரிபுராவின் தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 0.15 புள்ளி வித்தியாசத்தில் பதக்கத்தை இழந்து நான்காமிடம் பெற்றபோது, இந்த விளையாட்டு நாடெங்கும் பேசப்பட்டது.

ஆயினும், தனி ஒருவரின் சாதனை ஒரு வட்டாரத்தின் வாய்ப்பாக மாறிவிடுவதில்லை. நகரின் பெயர்பெற்ற பயிற்சிக் களமான லால் பகதூர் விளையாட்டரங்கம், குஷாய்குடாவிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ளது. பள்ளி விட்டதும் பேருந்தில் சென்று, பயின்று, வீட்டுப்பாடத்துக்கு நேரத்தோடு திரும்புவது எட்டு வயதுச் சிறுமிக்கு எளிதன்று. உடன் செல்லும் தாயின் வேலையும் வருமானமும் இக்கணக்கில் சேர்கின்றன.

எலும்பும் தசையும்: பதக்கம் ஒருபுறமிருக்க, பிள்ளைகளுக்கு இதனால் விளையும் நன்மை என்ன? 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். வாரத்தில் 3 நாள்களாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. உலகின் வளரிளம் பருவத்தினர் ஐவரில் நால்வர் இந்த அளவை எட்டவில்லை என்பதையும், சிறுவர்களைவிடச் சிறுமியர் பின்தங்கியிருப்பதையும் அந்நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

குதித்தல், தாவுதல், ஒற்றைக் காலில் நிலைபெறுதல் ஆகியவை எலும்பின் அடர்த்தியைக் கூட்டுகின்றன. பூப்படைவதற்கு முந்தைய ஆண்டுகளில் சேரும் இந்த வலு, முதுமையில் எலும்பு நலிவுக்கு எதிரான சேமிப்பாகும். மேலே எறிந்த பந்து கீழே வருவதற்குள் உடலைச் சுழற்றி அதைப் பிடிப்பதற்குக் கண்ணும் கையும் காதும் ஒருங்கே இயங்க வேண்டும். பிள்ளைகளின் கவனம், நினைவாற்றல், தாள உணர்வு ஆகியன இதனால் கூர்மை பெறுகின்றன. பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

மறுபக்கம்: நன்மையை மட்டும் கூறி நிறுத்திவிடுவது நேர்மையாகாது. மெலிந்த உடலை அழகெனக் கருதும் வழக்கம் இந்த விளையாட்டில் வேரூன்றியுள்ளது. எடைக்கு அஞ்சி உணவைக் குறைக்கும் சிறுமியருக்கு மாதவிலக்குக் கோளாறும் எலும்பு முறிவும் நேரக்கூடும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் மருத்துவ அறிஞர்கள் 2014 முதல் எச்சரித்து வருகின்றனர். வளைந்து கொடுக்கும் தன்மையைப் பெருக்குவதற்காக முதுகெலும்பை வருத்துவதும் ஆபத்தே. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர் சிறுமியரிடம் நடத்திய பாலியல் கொடுமைகளுக்காக 2018-இல் தண்டிக்கப்பட்டதையும், பிரிட்டனில் 2022-இல் வெளியான வைட் அறிக்கை பயிற்சிக்கூடக் கொடுமைகளைப் பட்டியலிட்டதையும் மறந்துவிட முடியாது.

எனவே, பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிவது நலம். பயிற்சியாளர் முறையான தகுதி பெற்றவரா? பயிற்சியின்போது பெற்றோர் உள்ளிருந்து பார்க்கலாமா? எடையைச் சொல்லிப் பிள்ளைகளை ஏளனம் செய்யும் வழக்கம் உண்டா? வலி என்று கூறினால் பயிற்சி நிறுத்தப்படுகிறதா? தயங்காமல் விடை தரும் கூடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

யார் பொறுப்பு? அரசியல் சாசனத்தின்படி விளையாட்டு, மாநிலப் பட்டியலில் உள்ளது. கல்வியோ பொதுப் பட்டியலில் உள்ளது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். நூறு பேருக்கு மேல் பயிலும் நடுநிலைப் பள்ளிக்கு உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஆனால், தேர்வு நெருங்கினால் உடற்கல்வி வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது நாடறிந்த வழக்கம்.

மத்தியில், இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் நிர்வாகப் பூசல்களால் பல ஆண்டுகள் விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரத்தை இழந்து நின்றது. அதன் சுமையைத் தாங்கியவர்கள் வீராங்கனைகளே. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களில் மகளிர் பிரதிநிதித்துவத்துக்கும், பெண்கள், சிறார்களின் பாதுகாப்புக்கான கொள்கைக்கும் வழிவகுக்கிறது. ஏட்டிலுள்ள இப்பாதுகாப்பு மாவட்டப் பயிற்சிக்கூடம் வரை இறங்கிவருமா என்பதே கேள்வி.

2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் நடைபெற்ற இந்திரா காந்தி அரங்கம் இன்றும் தலைநகரில் கம்பீரமாக நிற்கிறது. 2026 கிளாஸ்கோ போட்டியின் பட்டியலிலோ இப்பிரிவு இடம்பெறவில்லை. 2030 காமன்வெல்த் போட்டி ஆமதாபாதுக்கு வழங்கப்பட்டுள்ளது. அதற்காகப் பெரும் அரங்கங்கள் எழும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் குஷாய்குடா சிறுமிக்குத் தேவை மாபெரும் அரங்கமன்று. உயரமான கூரையுள்ள சமுதாயக் கூடம், நல்ல விரிப்பு, தகுதியும் பண்பும் கொண்ட பயிற்சியாளர், நடந்து செல்லும் தொலைவு ஆகியவையே போதும். அங்கு பயிலும் நூறு பேரில் ஒருத்தி நாட்டுக்காக ஆடலாம். மீதி 99 பேரும் நலமான உடலோடும் நிமிர்ந்த முதுகோடும் வளர்வார்கள். அரசு கணக்கில் கொள்ள வேண்டியது அந்த 99 பேரையும்தான்.