மடிக்கணினியில் திண்மநிலை வட்டின் வேகம்

திண்மநிலை வட்டு என்பது சுழலும் தகடோ நகரும் முனையோ இன்றி, மின்முறையில் தரவுகளைச் சேமிக்கும் கருவி ஆகும். எஸ்எஸ்டி என்னும் சுருக்கப்பெயராலேயே இது பரவலாக அறியப்படுகிறது. இதற்கு அடிப்படையான நான்ட் வகை நினைவகத்தை யப்பானின் தோசிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கினார். வட்டின் உறையில் குறிக்கப்பட்ட வேகம் முழுமையாகக் கிடைப்பது, அது பொருத்தப்படும் மடிக்கணினியைப் பெரிதும் சார்ந்தது.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை வன்தட்டு உடையவை. மெதுவாகிவிட்டதால் ஒதுக்கப்பட்ட இத்தகைய பழைய கணினிகளுக்கு, வட்டை மாற்றுவது மலிவான மறுவாழ்வாகும்.

இடைமுகம்

சாட்டா இடைமுகத்தின் இரண்டாம் தலைமுறை நொடிக்கு 300 மெகாபைட்டு வரையிலும், மூன்றாம் தலைமுறை 600 மெகாபைட்டு வரையிலும் தரவைக் கடத்தும். பழைய கணினியில் புதிய வட்டைப் பொருத்தினால், இணைப்பின் எல்லையே வட்டின் எல்லையாகிறது. எனினும் இதனைப் பேரிழப்பாகக் கருத வேண்டியதில்லை. வன்தட்டு ஒரு கோப்பைத் தேடி எடுக்கப் பத்து மில்லிநொடிக்கும் மேல் ஆகும். திண்மநிலை வட்டுக்கு அதில் நூறில் ஒரு பங்கே போதும். இயங்குதளம் விரைந்து தொடங்குவதற்கு இதுவே முதன்மைக் காரணம். குறுவட்டு இயக்கி இருந்த இடத்தில் வட்டைப் பொருத்துவோர், சில மாதிரிகளில் அந்த இணைப்பு மெதுவானது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

புதிய கணினிகளில் உள்ள எம்.2 பொருத்துவாய் குழப்பம் தரக்கூடியது. ஒன்றுபோலத் தோன்றும் பொருத்துவாய்களில் சில சாட்டாவை மட்டுமே ஏற்கும். சில பிசிஐ எக்ஸ்பிரசு வழியாக இயங்கும் என்விஎம்இ வட்டுகளை ஏற்கும். மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரசின் நான்கு தடங்களில் நொடிக்கு ஏறத்தாழ 3,500 மெகாபைட்டு கிடைக்கும். இரண்டு தடங்கள் மட்டும் இருப்பின் அது பாதியாகும். வாங்குமுன் கணினியின் கையேட்டைப் பார்ப்பதே நன்று.

அமைப்புகள்

பயாசில் சாட்டா முறை ஐடிஇ என்றிருந்தால் வட்டு பல கட்டளைகளை ஒருசேர ஏற்காது. ஏஎச்சிஐ முறையே தேவை. விண்டோசை நிறுவிய பின் இதனை மாற்றினால் கணினி தொடங்காமல் போகக்கூடும். ஆகவே நிறுவுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். விண்டோசு எக்சுபி காலத்துப் பிரிவினைகளை அப்படியே படியெடுத்தால், அவற்றின் தொடக்கம் நினைவகப் பக்கங்களோடு பொருந்தாது எழுதும் வேகம் குறையும்.

நான்ட் நினைவகத்தில் பழைய தரவின் மேல் நேரடியாக எழுத இயலாது. முதலில் ஒரு தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். எந்தப் பக்கங்கள் இனித் தேவையில்லை என்பதை வட்டுக்கு அறிவிக்கும் கட்டளை டிரிம் எனப்படும். விண்டோசு 7 முதல் இவ்வசதி உள்ளது. லினக்சில் எஃப்எஸ்ட்ரிம் என்னும் நிரல் இப்பணியைச் செய்கிறது. டிரிம் செய்தபின் அழித்த கோப்புகளை மீட்பது அரிது என்பதால் காப்புப்படி இன்றியமையாதது. வட்டை முழுவதும் நிரப்பாமல் சிறிது இடம் விட்டுவைத்தலும் வேகத்தைக் காக்கும்.

வெப்பம்

என்விஎம்இ வட்டுகள் மிகுதியாகச் சூடேறும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கோடைப் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டும் நெய்வேலி போன்ற ஊர்களில் இது விரைவில் நிகழக்கூடும். கணினியை மெத்தையின் மீது வைக்காமல், காற்றுத் துளைகளைத் தூசியின்றி வைத்திருப்பது பயன் தரும். சாட்டா வட்டுகளில் இச்சிக்கல் குறைவு.