டிவிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர்: எந்த ஓ.எஸ். நிலையானது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா இருக்கும் வீட்டில், டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கு. அப்பா கேமராவில் எடுத்தது, கேசட்டிலிருந்து மாற்றிய கல்யாண வீடியோ, போட்டோக்கள், பழைய சினிமா, பாட்டு எல்லாம் அதில்தான். நான் இருப்பது ராஜபாளையத்தில். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பஸ்ஸும் நிறைய உண்டு. ஆனாலும் "ஏப்பா, டிவியில என்னமோ இங்கிலீஷ்ல எழுதி நிக்குது" என்று போன் வந்தால் அன்றைய சாயங்காலம் அதோடு போச்சு.

போன வருஷம் வந்த போன் வேற மாதிரி. கரண்ட் போய் வந்த பிறகு அப்பா வீடியோ இருந்த ஃபோல்டரைத் திறந்தால் காலியாக இருக்காம். "எல்லாம் அழிஞ்சு போச்சாப்பா?" என்று கேட்டார்கள். நல்லவேளை, அழியவில்லை. என்ன நடந்தது என்று கீழே சொல்கிறேன். அதுவரைக்கும் 'எந்த ஓ.எஸ். அழகாக இருக்கு' என்று பார்த்துக்கொண்டிருந்த நான், அன்றைக்குத்தான் 'எது நிலையானது' என்று உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

'நிலையானது' என்றால் என்ன?

இந்த ஒரு சொல்லை இரண்டு அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம். ஒன்று, அடிக்கடி நின்றுபோகாதது. இன்னொன்று, அடிக்கடி மாறாதது. டெபியன் லினக்ஸ்காரர்கள் தங்கள் வெளியீட்டை 'ஸ்டேபிள்' என்று சொல்வது இரண்டாவது அர்த்தத்தில். 2023 ஜூனில் டெபியன் 12 வந்தது, 2025 ஆகஸ்ட்டில் 13 வந்தது. ஒரு வெளியீடு வந்துவிட்டால் அதற்குள் இருக்கும் மென்பொருள்களின் பதிப்பு பெரும்பாலும் உறைந்துவிடும். பிறகு வருவதெல்லாம் பாதுகாப்புத் திருத்தமும் பெரிய பிழைகளுக்கான திருத்தமும்தான். இதற்கு நேர் எதிர் ஆர்ச் லினக்ஸ் மாதிரியானவை. அங்கே புதுசு வரவர உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

ஆபீஸ் சர்வருக்கு இந்த இரண்டு அர்த்தமும் போதும். டிவிக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போதாது. அதற்கு மூன்றாவதாக ஒன்று வேணும்: விழுந்தால் யாரும் தொடாமல் தானாக எழுந்து நிற்கணும். வீட்டில் இருப்பவர் கையில் ரிமோட் மட்டும்தான் இருக்கு, கீபோர்டு இல்லை. அதனால் எந்த ஓ.எஸ். என்று கேட்பதற்கு முன்னால், இந்தப் பெட்டி எதனால் எல்லாம் விழுகிறது என்று கேட்கணும். என் கணக்கில் மூன்று காரணம்: கரண்ட், அப்டேட், வீடியோ ஃபார்மட்.

முதல் எதிரி: கரண்ட்

மாதாந்திர பராமரிப்புக்கு ஒரு நாள் நிற்கும். மழைக்காற்றில் கொஞ்ச நேரம் போகும். ஆடிப்பூரத் தேர் ஓடும்போது தெருவில் நிறுத்துவார்கள். இதெல்லாம் நம்ம ஊரில் சகஜம்தான். 'இன்வெர்ட்டர் இருக்கே' என்று நினைக்கலாம். பல இன்வெர்ட்டர்களில் யு.பி.எஸ்., நார்மல் என்று இரண்டு முறை இருக்கும். நார்மலில் பேட்டரிக்கு மாற ஒரு கணம் கூடுதலாகும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, கம்ப்யூட்டர் ரீபூட் ஆகிவிடும். அந்த சுவிட்ச் எதில் இருக்கு என்று முதலில் போய்ப் பாருங்கள்.

திடீரென்று அணைந்தால் உள்ளே என்ன ஆகும்? நாம் 'சேமி' என்று சொன்னவுடன் எல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடுவதில்லை. ஓ.எஸ். அதைக் கொஞ்ச நேரம் ராமில் வைத்திருந்து, மொத்தமாக எழுதும். நடுவில் கரண்ட் போனால் பாதி எழுதியது, எழுதாதது என்று குழப்பம். இதற்காகத்தான் லினக்ஸில் இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறை ஒரு குறிப்பேடு வைத்திருக்கு. என்ன மாற்றப் போகிறேன் என்று முதலில் அதில் எழுதிவிட்டுப் பிறகு உண்மையான இடத்தில் எழுதும். சாதாரணமாக ஐந்து விநாடிக்கு ஒரு முறை அதை முடித்து வைக்கும். திரும்ப எழும்போது அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துத் தன்னைச் சரி செய்துகொள்ளும். பென் டிரைவ்களில் வரும் எக்ஸ்ஃபேட்டில் இந்தக் குறிப்பேடு கிடையாது.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அப்போது அந்தப் பெட்டியில் இருந்தது ஒரு சாதாரண டெஸ்க்டாப் லினக்ஸ். வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் விண்டோஸில் ஃபார்மட் செய்த என்.டி.எஃப்.எஸ். கரண்ட் போனதும் அந்த டிஸ்க்கில் 'சரியாக மூடப்படவில்லை' என்ற அடையாளம் விழுந்துவிட்டது. புது லினக்ஸ் கெர்னலில் இருக்கும் என்.டி.எஃப்.எஸ்.3 டிரைவர், அந்த அடையாளம் இருந்தால் டிஸ்க்கை இணைக்க மறுத்துவிடும். டிஸ்க் இணையவில்லை என்றால், அது வந்து உட்கார வேண்டிய ஃபோல்டர் வெறும் ஃபோல்டராகக் காலியாகத் தெரியும். அம்மா பார்த்தது அந்த வெறும் ஃபோல்டரை. டிஸ்க்கை ஒரு விண்டோஸ் மெஷினில் போட்டு செக்டிஸ்க் ஓட்டினதும் எல்லாம் திரும்ப வந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் பதறி ஃபார்மட் பண்ணிவிடாதீர்கள்.

டிஸ்க்கை மாற்றலாம். ஓ.எஸ்.ஸே கெட்டுப்போனால்? இங்கேதான் லிப்ரெலெக் வேறுபடுகிறது. இது கோடி என்ற மீடியா மென்பொருளை ஓட்டுவதற்காக மட்டுமே செய்யப்பட்ட லினக்ஸ். 2016-இல் ஓபன்எலெக்கிலிருந்து பிரிந்து வந்தது. இதில் ஓ.எஸ். சுருக்கப்பட்ட கோப்பாக இருக்கும். அதைப் படிக்க மட்டும்தான் முடியும், ஓடும்போது அதில் எதுவும் எழுதப்படாது. உங்கள் அமைப்புகள், கோடியின் பட்டியல் எல்லாம் தனிப் பகுதியில். எத்தனை தடவை பிளக்கைப் பிடுங்கினாலும் ஓ.எஸ். கோப்பு நேற்று இருந்தது போலவே இருக்கும். அதிகபட்சம் கோடியின் பட்டியல் கெடலாம், அதைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது எதிரி: அப்டேட்

ஒரு காலத்தில் இந்த வேலைக்கு விண்டோஸ்தான். எக்ஸ்பி காலத்தில் 2002-இல் மீடியா சென்டர் பதிப்பு என்றே தனியாக வந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த மீடியா சென்டரை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்கணும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மெஷின்கள் இந்தக் கணக்கில் வராது. வந்தாலும், படம் பார்க்கும் நேரத்தில் 'ரீஸ்டார்ட் செய்யவா' என்று கேட்கும் பெட்டியை அம்மா ரிமோட்டால் மூட முடியாது.

உபுண்டு எல்.டி.எஸ். 24.04-க்கு ஐந்து வருஷ ஆதரவு. டெபியனுக்கும் மூன்று வருஷம், அதற்கு மேல் நீண்டகால ஆதரவாக இரண்டு என்று ஐந்து. இரண்டுமே போதும். லிப்ரெலெக்கில் அப்டேட்டைத் தானாக நடக்கவா, நாம் சொன்னால் மட்டும் நடக்கவா என்று தேர்ந்தெடுக்கலாம். நான் இரண்டாவதை வைத்திருக்கிறேன். நேரில் போகும் அன்றைக்கு மட்டும் அப்டேட், அதற்கு முன்னால் ஒரு பேக்கப்.

மூன்றாவது எதிரி: வீடியோ ஃபார்மட்

இது ஓ.எஸ்.ஸால் தீராத விஷயம். வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையை கிராஃபிக்ஸ் சில்லு செய்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். செய்யாவிட்டால் பிராசஸர் தலையில் விழும், சூடாகும், திணறும். அதைப் பார்த்து 'ஓ.எஸ். ஹேங் ஆகுது' என்று நாம் திட்டுவோம்.

இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் பரணில் ஒரு அரசு லேப்டாப் இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். பாஸ் என்பது சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். நம்மில் பலர் அதை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காமல் விண்டோஸுக்குப் போய்விட்டோம். அந்த லேப்டாப்பை டிவிக்குப் பின்னால் வைக்கலாமா என்று கேட்டால், பழைய எச்.264 வீடியோக்களுக்குப் பெரும்பாலும் வைக்கலாம். ஆனால் அந்தக் காலத்துச் சில்லுக்கு எச்.இ.வி.சி. தெரியாது. இன்டெலில் அது 2015-இன் ஸ்கைலேக்கிலிருந்து வருகிறது. 10 பிட் எச்.இ.வி.சி. முழுசாக வேணும் என்றால் அதற்கு அடுத்த கேபி லேக். ஏ.வி.1 வேணும் என்றால் 2020-இன் டைகர் லேக். இப்போதைய செல்போன்கள் பல எச்.இ.வி.சி.யில் பதிவு செய்யக்கூடியவை. பேரன் பேத்தி வீடியோ அனுப்பினால் பழைய லேப்டாப் திணறுவது அதனால்தான்.

சரி, எதைப் போடுவது?

டிஸ்க்கில் இருக்கும் வீடியோ, பாட்டு, போட்டோ மட்டும் என்றால் லிப்ரெலெக். இன்டெல், ஏ.எம்.டி. கிராஃபிக்ஸுக்கு 'ஜெனரிக்' பதிப்பு, என்விடியா என்றால் 'ஜெனரிக் லெகசி'. பென் டிரைவில் எழுதி, நிறுவாமலே 'லைவ்' முறையில் ஓட்டிப் பார்க்கலாம். படம், சத்தம் இரண்டும் வந்தால் பிறகு நிறுவுங்கள்.

பிரவுசர், பேங்க் வேலை, குழந்தைகள் படிப்பு என்று அதே மெஷினில் வேறு வேலையும் நடக்கணும் என்றால் டெபியன் அல்லது லினக்ஸ் மின்ட், அதன் மேல் கோடி.

ஓ.டி.டி.தான் முக்கியம் என்றால் லினக்ஸ் சரிப்படாது. ஓ.டி.டி. படங்களைப் பூட்டி அனுப்பும் வைட்வைனின் உயர்ந்த பாதுகாப்பு நிலை லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கிடைக்காது. அதனால் 4கே தரமும் வராது. அதற்கு டிவியிலேயே இருக்கும் ஆப் அல்லது ஒரு ஸ்டிக் போதும். இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் செய்ய முயன்றதுதான் நான் முதலில் செய்த தப்பு.

நிறுவின பிறகு செய்ய வேண்டியவை

பயாஸில் 'கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகு' என்ற அமைப்பு டெஸ்க்டாப்களிலும் மினி பி.சி.களிலும் பெரும்பாலும் இருக்கும். அதைப் போடுங்கள். லேப்டாப்களில் பெரும்பாலும் இருக்காது. நான் அரசு லேப்டாப்பை விட்டுவிட்டு மினி பி.சி.க்கு மாறியதற்கு இதுவே காரணம்.

அப்படித் தானாக எழும்போது டிவி அணைந்திருக்கும். கம்ப்யூட்டர் எழும்போது டிவியிடம் 'நீ எந்த அளவுப் படம் காட்டுவாய்' என்று எச்.டி.எம்.ஐ. வழியாகக் கேட்கும். பதில் வராவிட்டால், பிறகு டிவியைப் போட்டாலும் படமோ சத்தமோ வராமல் போகலாம். லிப்ரெலெக்கில் டிவியின் பதிலை ஒரு முறை பதிந்து வைத்துக்கொள்ள வசதி இருக்கு, கெட்எடிட் என்று பெயர். டிவி ஓடும்போது அதை ஒரு தடவை செய்துவிட்டால் போதும்.

வீடியோ டிஸ்க்கை எக்ஸ்ட்4-க்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், அதனால் முதலில் வேறு இடத்துக்குக் காப்பி.

பெரும்பாலான பி.சி.களின் எச்.டி.எம்.ஐ. வழியாக டிவி ரிமோட் வேலை செய்யாது. யு.எஸ்.பி. ரிசீவரோடு வரும் ஒரு ரிமோட் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கி, தேவையில்லாத பட்டன்கள் மேல் டேப் ஒட்டிவிட்டேன்.

கடைசியாக ஒரு சோதனை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். இதை முக்கியமான எதையும் அந்த டிஸ்க்கில் வைப்பதற்கு முன்னால் செய்யணும். பத்துத் தடவை. பத்துத் தடவையும் யாரும் தொடாமல் கோடியின் முகப்பு வந்து நின்றால்தான் அது நிலையான ஓ.எஸ்.

எங்கள் பெட்டி பத்துக்குப் பத்து வாங்கியது. அதற்குப் பிறகு அம்மா போனில் கம்ப்யூட்டர் பேச்சே வரவில்லை. ஆனால் எந்த ஓ.எஸ்.ஸும் டிஸ்க் பழுதாவதைத் தடுக்காது. அதனால் அப்பா வீடியோக்களின் இன்னொரு பிரதி இப்போது ராஜபாளையத்தில் என் பீரோவில் இருக்கு. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்று செய்வதானால் அதைச் செய்யுங்கள். ஓ.எஸ்.ஸை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.