இடுப்பு வலி: விடுப்புக்கும் வேலைக்கும் நடுவே ஒரு படி இல்லை

காங்கேயத்தில் தேங்காய்க் களத்திலும் அரிசி ஆலையிலும் மூட்டை தூக்குபவர்கள், பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஓவர்லாக் மிஷின் முன் குனிந்திருப்பவர்கள் என எல்லாரையும் பிடிக்கும் தொல்லை இடுப்பு வலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இது இருந்தது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். மூன்று மாதம் தாண்டினால் அது நாள்பட்ட வலி.

ஓய்வு ஏன் போதாது?

அடிபட்ட தசை ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அடங்காமல், சின்ன அசைவைக்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்வதுண்டு. படுத்தே கிடந்தால் தசை தளரும், குனியப் பயம் வரும், வலி கூடும். அதனால்தான் 2023 டிசம்பரில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை ஆகியவற்றை முன்வைக்கிறது. பலரும் வாங்கிக் கட்டும் இடுப்பு பெல்ட்டையும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. என்ன தரும்?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோய் விடுப்பில் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் காயம்பட்டால் 90 சதவீதம். டிஸ்க் விலகல், நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை செய்து, உரிய சந்தாவும் கட்டியவருக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீளும். பதிவேட்டில் பெயரில்லாத தினக்கூலிக்கு எதுவும் இல்லை.

சிக்கல் எங்கே?

கூலி வாங்கி வேலை செய்த நாளுக்கு நோய்க்கால உதவித்தொகை கிடையாது. அதாவது பாதி நாள் வேலை, பாதி உதவித்தொகை என்பதற்கு இடமில்லை. முழு விடுப்பு, இல்லையேல் பிட்னஸ் சர்டிபிகேட்டோடு முழு வேலை. திருப்பூரில் முழு வேலை என்றால் பல நேரம் ஒன்றரை ஷிப்ட். வலிக்கு வேண்டியதோ படிப்படியான திரும்புதல். பிரிட்டனில் 2010 முதல் டாக்டர் தரும் சான்றிதழிலேயே நேரக் குறைப்பு, வேலை மாற்றம் போன்றவற்றைப் பரிந்துரைக்கலாம்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

பிட்னஸ் சர்டிபிகேட்டில் பாரம் தூக்கக் கூடாது, ஓவர்டைம் கூடாது, இடையிடையே எழுந்து நடக்க வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கலாம். மூட்டைக்காரருக்குச் சில வாரம் எடை போடும் வேலை, டெய்லருக்குச் செக்கிங்கும் தையலும் மாறி மாறி என்று சூப்பர்வைசர் ஏற்பாடு செய்யலாம். ஆனால் பீஸ் ரேட்டில் குறையும் கூலியை இப்போது தொழிலாளியே தாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறையை ஈ.எஸ்.ஐ. சில வாரம் ஈடுகட்டினால், வலி முழுதாகத் தீரும்வரை காத்திருக்காமல் பலர் முன்னதாகவே வேலைக்குத் திரும்ப முடியும்.