தலைக்கட்டுக் கணக்கு
(ஊரும் பேரும் – 14)

மதுரை ஜங்ஷனை விட்டுத் தெற்கே கிளம்பும் ரயிலில் சாய்ந்து உட்கார்வதற்குள் மலை வந்துவிடும். ஒரே கல்லாக மொட்டைப் பாறை. அடியில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைந்த முருகன் கோயில், உச்சியில் சிக்கந்தர் தர்கா, இடையில் சமணர் படுக்கைகள். வெளியூர்க்காரருக்குத் திருப்பரங்குன்றம் என்றால் இதுதான். உள்ளூர் சம்சாரியைக் கேட்டால் மலையைச் சொல்ல மாட்டார், கண்மாயைச் சொல்வார்.

தென்கால் கண்மாய், நிலையூர் கண்மாய் என்று இந்தச் சமவெளி முழுக்கக் கண்மாய்கள். வைகைத் தண்ணீர் நிலையூர்க் கால்வாய் வழியாக வந்து ஒன்றை நிரப்பும். அது மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். நெல்லுக்கு மட்டுமல்ல, பொம்மைக்கும் கண்மாய்தான் ஆதாரம். பக்கத்திலுள்ள விளாச்சேரியில் ஆவணி வந்தால் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில். அதே மண், அதே கைகள். கண்ணனின் காலடிப் பசுவுக்கும் மாட்டுத்தொழுவத்துப் பசுவுக்கும் பெரிய வித்தியாசம் இராது. தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் 1870இல் பிறந்ததும் இந்த விளாச்சேரியில்தான். பெயரைத் தமிழாக்கிக்கொண்ட அந்த சூரியநாராயண சாஸ்திரியை ஊர் இன்னும் பெருமையாகச் சொல்லும்.

இனி ஆள் கணக்கு. 2001 சென்சஸில் திருப்பரங்குன்றம் நகராட்சியின் மக்கள்தொகை 39,009. 2011இல் 48,810. அதே 2011இல் நகராட்சியே இல்லாமல் போனது. அவனியாபுரம், ஆனையூர், மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டி, பஸ் நிறுத்தங்களுக்குப் பெயர்கூட வைக்காமல் ‘ரெண்டாவது ஸ்டாப்’, ‘மூணாவது ஸ்டாப்’ என்று எண் போட்டே பழகிவிட்ட திருநகர் ஆகியவற்றோடு சேர்ந்து மதுரை மாநகராட்சிக்குள் போய்விட்டது. சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி சுமார் 148 ஆனது. 72 வார்டுகள் 100 ஆயின. யாரும் வீடு மாறவில்லை, சட்டி பானையை நகர்த்தவில்லை; விலாசம் மட்டும் மாறியது. ஆனாலும் கோயில் வாசலில் பஸ் ஏறும் அம்மா இன்றைக்கும் ‘மதுரைக்குப் போயிட்டு வர்றேன்’ என்றுதான் சொல்கிறார்.

விலாசத்தை வைத்து ஆளை எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் லவிங் என்றொரு கவுன்டி. நம் மாவட்டத்துக்கு ஏறக்குறைய இணையான நிர்வாக அலகு. பரப்பில் மதுரை மாவட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி. 2020 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 64 பேர். நம்மூரில் ஒரு காதுகுத்துக்கே அதைவிடக் கூட்டம் வரும். அறுபத்து நான்கு பேர் என்றால் ஊர் வெறிச்சென்று கிடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெய்க் கிணறுகளுக்காக லாரிகளும் ஆட்களும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் வேறெங்கோ குடியிருப்பவர்கள் என்பதால் கணக்கில் சேரவில்லை.

சென்சஸ் பெரும்பாலும் அப்படித்தான். வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் ஆள். குன்றத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வேறொரு கணக்கும் இருக்கிறது, தலைக்கட்டு. கல்யாணமாகித் தனிக்குடும்பமான ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. திருவிழாவுக்கு வரி அதன்படிதான். பெண் தலைமையேற்று நடத்தும் வீட்டை எப்படி எண்ணுவது என்பதில் ஊருக்கு ஊர் தகராறு உண்டு. அந்த விஷயத்தில் இது ஒன்றும் நியாயமான கணக்கல்ல. ஆனால் சென்சஸ் கைவிட்ட ஆளை இது விடாது. பிழைக்கப் போனவன் எங்கிருந்தாலும் வரி கட்டியாக வேண்டும்.

2021இல் நடக்கவேண்டிய சென்சஸ் நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இடையில் பக்கத்துத் தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள்; மனை விளம்பரத் தட்டிகள் முளைத்தன; வாடகைக்கு வந்தவர்கள் பெருகினார்கள். இந்த வருகையெல்லாம் எந்தப் பழைய எண்ணிலும் இல்லை.

ஊர் வரி நோட்டிலும் இல்லை. அதில் பெயருக்குப் பக்கத்தில் ‘திருப்பூர்’, ‘சிங்கப்பூர்’ என்று பென்சிலில் குறித்திருக்கும். பணம் ஜிபேயில் வந்துவிடும். எதிர்வீட்டில் பத்து வருஷமாகக் குடியிருக்கும் வாடகைக்காரர் பெயர் மட்டும் இராது. விழாக் கமிட்டி அவர் வீட்டுக்கும் வரும், நன்கொடை ரசீதோடு.