இலவசமாகக் கொடுத்த நிரலுக்கும் உரிமையாளர் உண்டு

மலையகத்து இறம்பொடையில் ஒரு கடைக்குள்ளோ தோட்டத்து வீட்டிலோ மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை ரவுட்டரில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதை எழுதியவர்கள் ரவுட்டர் செய்த கம்பனிக்காரர்கள் அல்லர். உலகெங்கும் பரந்திருக்கும் நிரலாளர்கள். அந்த நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பொருளை வாங்கியவர் கேட்டால் மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும். ஜிபிஎல் என்ற உரிமம் விதிக்கும் நிபந்தனை இதுதான். காசு வாங்கவில்லை என்பதால் யாருக்கும் சொந்தமில்லாத பொருள் என்று பல கம்பனிகள் நினைத்துவிடுகின்றன.

அந்த நினைப்பை நீதிமன்றத்தில் உடைத்தவர் ஜேர்மனியின் ஹரால்ட் வெல்டே. லினக்ஸின் வலையமைப்புப் பாதுகாப்புப் பகுதியான நெட்ஃபில்டரை உருவாக்கியவர்களில் ஒருவர். சைட்கொம் என்ற நிறுவனம் அதைத் தன் வைஃபை ரவுட்டரில் போட்டு விற்றது. உரிமத்தையும் சேர்க்கவில்லை, மூல நிரலையும் தரவில்லை. 2004இல் மூனிச் நீதிமன்றம் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. நிபந்தனையை மீறினால் அனுமதியே இல்லாமல் போகிறது, அதன் பிறகு நடப்பது வெறும் பதிப்புரிமை மீறல் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2006இல் டி-லிங்க் நிறுவனத்துக்கு எதிராகவும் பிராங்க்ஃபர்ட்டில் அவரே வென்றார்.

அமெரிக்காவில் பிஸிபொக்ஸ் என்ற சிறு மென்பொருளை எழுதியவர்கள், ஜிபிஎல்லை மீறிய கம்பனிகள்மீது 2007 முதல் வழக்குத் தொடுத்தார்கள். வெஸ்டிங்ஹவுஸ் தொலைக்காட்சிக் கம்பனி வழக்கை எதிர்த்து வாதாடாமல் விட்டது. 2010இல் நியூயோர்க் நீதிமன்றம் 90,000 டொலர் நட்டஈடு விதித்தது.

எல்லாம் வெற்றிக் கதை அல்ல. லினக்ஸ் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக், விஎம்வேர் என்ற பெரிய மென்பொருள் கம்பனிக்கு எதிராகத் தொடுத்த ஜிபிஎல் வழக்கு 2016இல் ஹம்பர்க்கில் தள்ளுபடியானது. 2019இல் மேன்முறையீடும் தோற்றது. ஆயிரம் பேர் கைபட்ட நிரலில் எந்தெந்த வரி தன்னுடையது, அது எதிராளியின் பொருளில் எங்கே இருக்கிறது என்பதை நீதிமன்றம் திருப்திப்படும் அளவுக்கு அவரால் காட்ட முடியவில்லை. நியாயம் தன் பக்கம் இருந்தும் சான்று போதாமல் போன இந்த வழக்கைத்தான் நம் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் பதிவில் உங்கள் பெயரும் திகதியும் நிலைக்கட்டும். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் பதிப்புரிமை வரியும் உரிமத்தின் பெயரும் இருக்கட்டும்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைப் பாதுகாக்கிறது. பதிவு செய்யத் தேவையில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறக்கிறது. நாடு பதிப்புரிமைக்கான பேர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், மலையகத்தில் எழுதிய நிரலுக்கு ஜேர்மனியிலும் பாதுகாப்புண்டு. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், முதலாளிக்கே போகும். கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் இதைப் பற்றிய பந்தியை வாசியுங்கள். தங்கள் சொந்த முயற்சிகளை விலக்கி எழுதும்படி கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

உரிமத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டுவிட்டு, கம்பனி மூல நிரலைத் தரவில்லை என்று சண்டைக்குப் போக முடியாது. அங்கே உங்கள் பெயரையும் உரிம வாசகத்தையும் வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

உங்கள் நிரல் யாருடைய பெட்டியிலோ ஓடுகிறது என்று சந்தேகமா? கம்பனி தன் தளத்தில் தரும் ஃபேர்ம்வெயர் கோப்பை (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருளை) இறக்கி, அதற்குள் வாசிக்கக்கூடிய எழுத்துகளைத் தேடுங்கள். நீங்கள் எழுதிய பிழைச் செய்தி, அதே எழுத்துப்பிழையோடு, அங்கே கிடக்கலாம். கோப்பையும், பெட்டி வாங்கிய பற்றுச்சீட்டையும், திகதியிட்ட திரைப்பிடிப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு எழுத்தில் அறிவியுங்கள். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், முதல் முறை மீறியவர் அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் அவருடைய உரிமை மீண்டுவிடும். நிரல் வெளியே வருவதே நோக்கம் என்பதால் இந்த அவகாசம் நியாயமானதென்றே நினைக்கிறேன். எடுத்த எடுப்பில் முகநூலில் திட்டுவதும் காசு கேட்டு மிரட்டுவதும் வேண்டாம். பதிலில்லாவிட்டால் புலமைச் சொத்து வழக்குகள் தெரிந்த சட்டத்தரணி மூலம் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கோரலாம்.

ஏற்கெனவே இணையத்தில் ஏற்றிவைத்த நிரல் உங்களிடம் இருந்தால், அதில் உரிமக் கோப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.